நடந்ததை அறிந்தவரின் கடமை

இழப்பு நேரும் இடத்தில் காப்பீட்டு நிறுவனம் இருப்பதில்லை. கடை எரியும்போது கடைக்காரர் இருக்கிறார். கார் மோதும்போது ஓட்டியவர் இருக்கிறார். நோயாளியின் பழைய மருந்துச் சீட்டுகள் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எப்போது நடந்தது, எப்படி நடந்தது, எவ்வளவு போயிற்று என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தவர் பாலிசிதாரர். பணம் தர வேண்டியவரோ எதையும் பார்க்காதவர். கிளெய்ம் கேட்கும்போது பாலிசிதாரர் மேல் விழும் கடமைகள் அத்தனையும் இந்த நிலையிலிருந்து பிறந்தவை. உடனே சொல்வது, சேதத்தை இருந்தபடி காட்டுவது, அது மேலும் பெருகாமல் தடுப்பது, உண்மையைச் சொல்வது, கணக்கைக் கொடுப்பது எல்லாம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்ய வேண்டியவை. அந்தக் கடமைகள் எங்கே முடிகின்றன என்பதையும் இதே அளவுகோல்தான் காட்டும்.

இந்தக் கருத்துக்கு வயது இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். சுமத்ரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. ஐரோப்பிய எதிரி அதைப் பிடித்துக்கொண்டால் அதன் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டருக்கு நேரும் இழப்புக்காக, அவர் சார்பில் லண்டனில் காப்பீடு எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை பலவீனமாக இருந்ததை மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் வழக்கைத் தீர்த்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்பீட்டில் ஆபத்தை எடைபோடத் தேவையான செய்திகள் பெரும்பாலும் ஒரு தரப்பிடம் மட்டுமே இருப்பதால், அந்தத் தரப்பு அவற்றை மறைக்கக் கூடாது என்றார். ஆனால் அந்த வழக்கில் வென்றவர் கார்ட்டர். கோட்டையின் நிலையை விசாரித்து அறிந்திருக்கக் கூடியவர் விசாரிக்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, பின்னர் அதையே காரணமாகச் சொல்ல முடியாது என்று முடிவாயிற்று. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவோர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவதுண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுச் சட்டம். இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இந்த நன்னம்பிக்கையை எழுத்தில் வைத்திருக்கிறது. மற்ற வகைக் காப்பீடுகளுக்கும் நீதிமன்றங்கள் இதே கொள்கையைத்தான் பொருத்துகின்றன.

முதல் கடமை தகவல் சொல்வது. பெரும்பாலான பாலிசிகள் ‘உடனடியாக’ என்றே எழுதுகின்றன. தீக்காப்பீட்டின் வழக்கமான வாசகம், உடனே தகவலும் 15 நாட்களுக்குள் இழப்பின் விவரங்களோடு எழுத்து மூலமான கோரிக்கையும் தர வேண்டும் என்று கேட்கிறது. அவசரத்துக்குக் காரணம் உண்டு. மழை தடயத்தை அழிக்கும், சாட்சிகள் கலைந்துபோவார்கள், சேதமான பொருள் கைமாறும். தாமதமாக வரும் தகவல் நிறுவனத்திடமிருந்து விசாரிக்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. ஏஜெண்டிடம் போனில் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. ஏஜெண்ட் மறந்துவிட்டால் நிறுவனத்தின் பதிவேட்டில் எதுவும் இருக்காது. கட்டணமில்லா எண்ணில் பேசி கிளெய்ம் எண்ணை வாங்கிக்கொண்டு, அதே செய்தியை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அனுப்பி வைத்தால்தான் சொன்னதற்குச் சான்று உண்டு.

தாமதமானாலே பாலிசி செத்துவிடுமா? இல்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் நேர்ந்திருந்தால், உண்மையான கிளெய்மை அதை மட்டுமே சொல்லி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு டிராக்டர் திருட்டு வழக்கை விசாரித்தது. உரிமையாளர் காவல் நிலையத்தில் அன்றைக்கே புகார் கொடுத்திருந்தார். நிறுவனத்துக்குச் சொன்னதோ ஒன்றரை மாதத்துக்கும் மேல் கழித்து. திருட்டில் வண்டியைத் தேடுவது காவல்துறையின் வேலை என்பதால், அங்கே உடனே சொல்லப்பட்டதே முக்கியம் என்று நீதிமன்றம் கருதியது. நிறுவனத்துக்குச் சொன்ன தாமதத்தைக் காரணம் காட்டி மறுத்தது செல்லாது என்றது. கடமையின் நோக்கம் எது என்று கேட்டுப் பார்க்கும் இந்த அணுகுமுறைதான் சரியானது. ஆனால் அந்த உரிமையாளரைக் காப்பாற்றியது அன்றைய எஃப்.ஐ.ஆர். என்பதை மறந்துவிடக் கூடாது. ‘ஊரில் விசாரித்துப் பார்ப்போம்’ என்று ஒரு வாரம் காத்திருந்து காவல் நிலையம் போகிறவருக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. திருட்டுக் கிளெய்மில் வண்டியின் சாவிகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு சாவி காணாமல் போயிருந்தால் அது எப்போது, எப்படிப் போனது என்பதைக் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

சேதத்தைப் பெருகவிடாமல் தடுப்பது அடுத்த கடமை. காப்பீடே இல்லாதவர் தம் பொருளை எப்படிக் காத்துக்கொள்வாரோ அப்படியே பாலிசிதாரரும் காக்க வேண்டும் என்பது இதன் சாரம். கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இதைக் கடமையாகவே விதிக்கிறது. மோட்டார் பாலிசியும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது: சேதமான வண்டியைப் பாதுகாப்பின்றி விட்டுவிடக் கூடாது, தேவையான பழுதுபார்ப்புக்கு முன் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு.

இந்த வாசகத்தின் விலையைச் சென்னை 2015 டிசம்பரில் கண்டது. அடையாறு கரை தாண்டியபோது தெருவில் நின்ற கார்களும் அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளத்தில் நின்ற கார்களும் மூழ்கின. வெள்ளத்தால் வரும் சேதம் முழுக் காப்பீட்டு பாலிசியில் அடங்கும். அதில் தகராறு இல்லை. தகராறு வருவது தண்ணீர் வடிந்த பிறகு. வண்டி ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகுவது மனித இயல்பு. எஞ்சின் சிலிண்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே எழும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கம்பி வளைகிறது, சில சமயம் உடைந்து எஞ்சின் உறையையே பிளக்கிறது. தண்ணீர் புகுந்ததோடு நின்றிருந்தால் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றிப் பூட்டும் வேலையோடு முடிந்திருக்கும். சாவியைத் திருகிய ஒரு நொடியில் எஞ்சினே போய்விடுகிறது. இந்தப் பின்சேதம் வெள்ளத்தால் வந்ததில்லை, ஓட்ட முயன்றதால் வந்தது என்று நிறுவனங்கள் மறுக்கின்றன. தனிப் பிரீமியம் கட்டி எஞ்சின் பாதுகாப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் ஓரளவு வழி உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மீண்டும் மூழ்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. செய்ய வேண்டியது எளிது. வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. நம்பர் பிளேட்டும் தண்ணீர் நின்ற கோடும் ஒரே படத்தில் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஊரில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கிய நாட்களில் இழுவை வண்டி கிடைக்கச் சில நாட்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பு பாலிசிதாரரின் குற்றம் ஆகாது.

கடை, கிடங்கு விஷயத்தில் காப்பதும் காட்டுவதும் ஒன்றோடொன்று மோதுவதுண்டு. வெள்ளத்தில் நனைந்த அரிசி மூட்டையை, இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை வைத்திருந்தால் நாறும். தூக்கி எறிந்தால் எத்தனை மூட்டை இருந்தது என்பதற்குச் சான்று போகும். நல்ல சரக்கை நனைந்ததிலிருந்து உடனே பிரிப்பது கடமை. நனைந்ததில் உலர்த்தி மீட்கக் கூடியதை மீட்பதும் கடமை. கெட்டுப்போனதை அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணி, எடை போட்டு, வீடியோ எடுத்து, அகற்றப் போவதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு அகற்ற வேண்டும். எரிந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் தாமாகவே போட்டுவிடுவது பெரிய பிழை. அந்த மிச்சத்துக்கும் விலை உண்டு. அது இழப்புக் கணக்கில் கழிய வேண்டிய தொகை. அதேபோல், சேதமான சரக்கையெல்லாம் ‘உங்கள் பொறுப்பு’ என்று நிறுவனத்தின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவும் முடியாது.

கணக்கைக் காட்டும் கடமையில்தான் வணிகர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சரக்கை ஈடாக வைத்து ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடன் வாங்கியவர் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் கணக்கு கொடுக்கிறார். கடன் வரம்பு குறையாமல் இருக்க அதில் சரக்கைக் கூட்டிக் காட்டுவதுண்டு. வரித்துறைக்குப் போகும் கணக்கில் அதே சரக்கு குறைந்திருக்கும். பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க மூன்றாவதாக ஓர் எண். தீ விபத்துக்கு மறுநாள் இந்த மூன்று காகிதமும் சர்வேயர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். எது உண்மை என்று சொன்னாலும் மற்ற இரண்டும் பொய்யாகும். கிளெய்ம் காலத்துப் பொறுப்பு கிளெய்முக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

குறைவாகக் காப்பீடு செய்தவருக்கு சராசரி விதி என்ற ஒன்று காத்திருக்கிறது. கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்க, 6 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவரின் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால், இழப்பு பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது என்று அவர் முழு 4 லட்சத்தையும் எதிர்பார்ப்பார். விதி அப்படிப் பார்க்காது. பத்தில் ஆறு பங்குக்கே பிரீமியம் கட்டியிருப்பதால் இழப்பிலும் பத்தில் ஆறு பங்குதான்: 2,40,000 ரூபாய். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா போன்ற சிறு தொழில் பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் குறைந்தால் பழைய கணக்குதான்.

உண்மை சொல்லும் கடமைக்கு வருவோம். ‘கேட்டதில் பாதிதான் கொடுப்பார்கள், அதனால் இரண்டு பங்காகக் கேள்’ என்ற அறிவுரை எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. இதைக் கேட்டு நடப்பவர் இழக்கப் போவது கூட்டிச் சொன்ன பகுதியை மட்டும் என்று நினைக்கிறார். தீக்காப்பீட்டு பாலிசிகளில் தனி நிபந்தனையே உண்டு: கோரிக்கை எந்த வகையிலாவது மோசடியானதாக இருந்தால், அல்லது அதற்கு ஆதரவாகப் பொய்யான உறுதிமொழி தரப்பட்டால், பாலிசியின் பயன்கள் அனைத்தும் பறிபோகும். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2016இல், டி.சி. மெர்வெஸ்டோன் என்ற சரக்குக் கப்பல் வழக்கில், கோரிக்கை உண்மையானதாக இருந்து, சொன்ன பொய் அதன் செல்லுபடியைச் சற்றும் மாற்றாததாக இருந்தால் முழுத்தொகையும் போய்விடாது என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது. அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே யாரும் பொய் சொல்லத் துணியக் கூடாது. இந்திய பாலிசிகளில் எழுதியிருக்கும் நிபந்தனை அதைவிடக் கடுமையானது.

மோட்டார் விபத்துகளில் அடிக்கடி சொல்லப்படும் பொய் ஓட்டுநரை மாற்றுவது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. உடனே லைசென்ஸ் உள்ள அண்ணனோ மாமாவோ ஓட்டியதாகப் படிவத்தில் எழுதுகிறார்கள். ஆனால் 108 ஆம்புலன்ஸ் பதிவிலும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலிலும், தெருமுனை கேமராவிலும் உண்மை முன்பே பதிந்துவிட்டது. வண்டிச் சேதத்துக்கான சில ஆயிரம் ரூபாய்க்காக ஆரம்பித்த பொய், குற்ற வழக்கில் இன்னொருவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடிபட்டவர் வேறொருவர் என்றால் சேதி இன்னும் கடினம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 134ஆம் பிரிவு அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும், காவல்துறைக்குத் தெரிவிப்பதையும், பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டோர் விவரம், ஓட்டுநர் பெயர் ஆகியவற்றை எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தருவதையும் கடமையாக்குகிறது. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் ‘தப்பு என்னுடையது, இவ்வளவு தருகிறேன்’ என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவது ஒருபோதும் தவறை ஒப்புக்கொள்வதாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு உதவாமல் நின்றவர்கள் உண்டு. அது மன்னிக்க முடியாத குழப்பம். பின்னர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வரும் சம்மனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடாமல் உடனே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் கால அளவுகள் பாலிசியில் தெளிவாகவே இருக்கும். 2020இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொண்டால், முன்கூட்டியே முடிவான சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரச் சேர்க்கை என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தர வேண்டும். கைப்பணம் கட்டியிருந்தால் வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் பில்களைக் கொடுக்க வேண்டும். இவை எளிது. சிக்கல் வேறு இடத்தில் முளைக்கிறது. சேர்க்கையின்போது பணி மருத்துவர் ‘சர்க்கரை எத்தனை வருஷமாக?’ என்று கேட்பார். பதற்றத்தில் நிற்கும் மகனோ மருமகளோ ‘பத்து வருஷமா இருக்கும்’ என்பார்கள். உண்மையில் அது மூன்று வருடமாக இருக்கலாம். கேஸ் ஷீட்டில் ஏறிய அந்த ஒரு வரி, பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்தது என்பதற்குச் சான்றாகிவிடும். நோயாளியின் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதி வரிசையில் வைத்திருந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே கடமை. தவறாக ஏறியிருந்தால் அந்த மருத்துவரிடமே விளக்கக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். காகிதத்தில் சொந்தப் பேனாவை வைக்கவே கூடாது.

முன்மொழிவுப் படிவத்தை ஏஜெண்ட் நிரப்பினார், கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்பது பலரும் சொல்லும் காரணம். பல சமயம் உண்மையும் அதுதான். ஆனாலும் கையெழுத்திட்டவரையே சட்டம் முதலில் கேட்கும். 2024இல் வந்த விதிகளின்படி, மருத்துவ பாலிசி 60 மாதங்கள் தொடர்ந்து நடப்பில் இருந்துவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, முன்பு சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், மூன்று ஆண்டுகள் கழிந்த பாலிசியை எந்தக் காரணத்தாலும் கேள்வி கேட்க விடுவதில்லை.

ஆயுள் காப்பீட்டின் தனித்தன்மை, கேட்க வேண்டிய நாளில் பாலிசிதாரர் இருக்க மாட்டார் என்பது. கடமை நாமினிக்குப் போகிறது. பாலிசி இருப்பதே தெரியாத நாமினியால் எதையும் கேட்க முடியாது. 2015இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா திட்டங்களில் இந்தச் சோகம் மிகுதி. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாயும் 20 ரூபாயும் தானாகப் பிடிக்கப்படுகின்றன. பாஸ்புக்கில் ஒரு வரி. கையில் வேறு பத்திரம் எதையும் பார்த்திராத குடும்பத்துக்கு இரண்டு லட்ச ரூபாய் உரிமை இருப்பது தெரிவதே இல்லை. வீட்டில் சொல்லி வைப்பதும், திருமணம் ஆனபின் நாமினி பெயரை மாற்றுவதும் பாலிசிதாரர் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டிய கிளெய்ம் வேலைகள். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் பாலிசித் தொகை முதியோர் நல நிதிக்கு மாற்றப்படுகிறது. காணாமல் போனவர் விஷயத்தில், ஏழு ஆண்டுகள் செய்தியே இல்லாவிட்டால் இறந்ததாகச் சட்டம் கருதும். அதுவரை பிரீமியம் கட்டிவர வேண்டும் என்பது குடும்பத்தின் மேல் விழும் கனமான சுமை.

பயிர்க் காப்பீட்டில் கெடு மிகக் குறுகியது. வட்டார விளைச்சல் மொத்தமாகக் குறைந்தால் விவசாயி தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அறுவடைச் சோதனை வைத்து இழப்பீடு கணக்கிடப்படும். ஆனால் அறுத்து வயலில் காயப்போட்ட பயிர், 14 நாட்களுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால், அந்த இழப்பு அறிவிக்கையில் சேர்ந்திருக்கும் இடங்களில் 72 மணி நேரத்துக்குள் தனியாகச் சொல்லியாக வேண்டும். 14447 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். மழையில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போய்விட்ட ஊரில் மூன்று நாள் என்பது மிகவும் குறைவு. இந்தக் கெடுவைத் தளர்த்த வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தளரும் வரை, வங்கிக் கிளையிலோ வேளாண் அலுவலகத்திலோ தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

விசாரணைக்கு ஒத்துழைப்பதும் கடமைதான், ஆனால் அதற்கு வரம்பு உண்டு. 2024 ஜூனில் வந்த பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கை சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்கவும், அவர் 15 நாட்களில் அறிக்கை தரவும், அதன்பின் 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்லவும் கெடு வைக்கிறது. கிளெய்மோடு நேரடித் தொடர்பு உள்ள ஆவணங்களைத்தான் கேட்கலாம். சர்வேயர் கேட்டதைக் கொடுத்த நாளையும் கொடுத்த பட்டியலையும் பாலிசிதாரர் குறித்து வைத்திருந்தால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. இல்லாத ஆவணத்தை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பதிலே அனுப்பாமல் இருப்பதுதான் கோப்பை மூடவைக்கிறது. விசாரணையாளர் நீட்டும் வெற்றுத் தாளிலும், தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்திலும் கையெழுத்திட எவருக்கும் கடமை இல்லை. ‘முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே மிச்சத் தொகை கேட்கும் உரிமை போய்விடாது, நெருக்கடியாலோ ஏமாற்றாலோ வாங்கியதென்றால் மீண்டும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்க நினைப்பவர் தம் மறுப்பை அப்போதே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

மறுக்கப்பட்ட கிளெய்முக்காக முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் தீர்க்கலாம். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டாண்டு அவகாசம். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதே குறையைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார் என்பதால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நாள் கணக்கில் நிராகரிப்புக் கடிதம் வந்து சேர்ந்த தேதிக்கு முக்கிய இடம் உண்டு. அந்தக் கடிதத்தை, தபால் முத்திரை விழுந்த உறையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.